ஏரிதானே அத்தான்!

நம்ம ஊர்க்காரங்களுக்கு 'ஏரி'ங்கற வார்த்தையிலயே ஒரு சிக்கல் இருக்கு. ஏரின்னா என்ன ஞாபகம் வரும்? கரை, மதகு, கலங்கல், வரிசையா நாலு பனைமரம், கோடையில காஞ்சு கிடந்தா உள்ளே இறங்கி கிரிக்கெட். செம்பரம்பாக்கமோ வீராணமோ, அக்கரைன்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கடல்னா பயப்படணும், ஏரின்னா பயப்பட வேண்டாம்னு சின்ன வயசுலயே மனசுல பதிஞ்சு போச்சு. அதே மனசோட அமெரிக்கா வந்து இங்க இருக்கற 'லேக் ஈரி'யையும் ஏரின்னு சொல்லிடறோம். (ஈரி ஏரி! ரெண்டு தடவை வேகமா சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.)

ஈரி ஏரியோட நீளம் 388 கிலோமீட்டர். சென்னையில கிளம்பினா திருச்சியைத் தாண்டிடலாம். அகலமான இடத்துல 92 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கறது 30 கிலோமீட்டர் சொச்சம்தான். அதுமாதிரி மூணு. இதுக்குள்ள பதினேழு, பதினெட்டு அடி அலுமினியப் படகை எடுத்துக்கிட்டு, தூண்டிலும் கையுமா போறவங்க எண்ணிக்கை ஆயிரக்கணக்குல. அதுல ஒருத்தன் என் மச்சினன்.

மூணு வருஷம் முன்னாடி பழைய 17 அடி படகு ஒண்ணு வாங்கினான். கொலம்பஸ்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. படகு நிக்கறது என் வீட்டு வாசல்ல. (ஏன்னு கேக்காதீங்க. அவங்க குடியிருப்புச் சங்கத்துல வாசல்ல படகு நிறுத்த விடமாட்டாங்களாம். என் தலையெழுத்து.) என் பையனுக்கு 9 வயசு. மாமான்னா உயிர், மாமாவோட படகுன்னா அதுக்கும் மேல. அதனாலதான் இந்த விஷயத்துல நான் மூக்கை நுழைக்க வேண்டியதாப் போச்சு. இல்லேன்னா எனக்கும் மீனுக்கும் உள்ள உறவு குழம்போட முடிஞ்சிருக்கும்.

இங்க எல்லாரும் தேடிப் போறது வால்-ஐன்னு ஒரு மீன். (வாளை இல்லீங்க, வால்-ஐ. பெரிய கண்ணாடிக் கண்ணு, இருட்டுல மின்னும்.) முள் கம்மி, சதை வெள்ளை வெளேர்னு இருக்கும், நம்ம மசாலாவுல வறுத்தா அட்டகாசம். ஏரியோட தென்கரையில போர்ட் க்ளின்டன்னு ஒரு சின்ன ஊர், தனக்குத் தானே 'உலக வால்-ஐ தலைநகரம்'னு பட்டம் கொடுத்துக்கிட்டு இருக்கு. நியூயார்க்ல புத்தாண்டு ராத்திரி பந்து இறக்கற மாதிரி, இவங்க ஃபைபர்க்ளாஸ்ல செஞ்ச 20 அடி மீனை இறக்குவாங்க. ஊரே மீன்பைத்தியம்.

சரி, ஏரிக்கு வருவோம். ஐம்பெரும் ஏரிகள்ல ரொம்ப ஆழமில்லாதது ஈரிதான். சுப்பீரியர் ஏரியோட சராசரி ஆழம் 147 மீட்டர். ஈரிக்கு 19. அதுலயும் வால்-ஐ குவியற மேற்குப் பகுதியில சராசரி 7 மீட்டர் சொச்சம்தான். 'அட, ஆழமே இல்லையே, அப்புறம் என்ன பயம்?'னு மச்சினன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா விவகாரமே அந்த ஆழமில்லாததுலதான் இருக்கு.

கடல்ல அலை பெரிசா இருந்தாலும் நிதானமா வரும். ஒன்பது விநாடிக்கு ஒரு அலைன்னா, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவுல 120 மீட்டருக்கு மேல இடம் இருக்கும். படகு ஏறி, இறங்கி, மூச்சு விட்டுக்கிட்டு அடுத்ததுக்குத் தயாராகலாம். ஈரியில காத்து கிளம்பினா மூணு நாலு விநாடிக்கு ஒண்ணு. மூணு விநாடின்னா முகட்டுக்கு முகடு வெறும் 14 மீட்டர். நம்ம படகு அஞ்சு மீட்டர். ஒரு அலையில இருந்து மூக்கு கீழே இறங்கறதுக்குள்ள அடுத்தது எதிர்ல சுவர் மாதிரி நிக்கும். ஆழம் குறைவா இருக்கறதால அலையோட அடிப்பாகம் தரையில இழுபட்டு, இன்னும் செங்குத்தா ஏறி, தலை உடைஞ்சு விழும். மூணு அடி அலைன்னு கேக்கறப்ப இடுப்பளவுதானேன்னு தோணும். பின்பக்கச் சுவரோட உயரமே ரெண்டு அடிக்குக் கிட்டத்தட்டன்னு இருக்கற படகுக்கு, மூணு விநாடிக்கு ஒரு தடவை வர்ற மூணு அடி அலை வேற விஷயம்.

இன்னொண்ணு, இந்த ஏரி தென்மேற்கு - வடகிழக்கா நீட்டிப் படுத்திருக்கு. காத்து அதே திசையில அடிச்சா, பாத்திரத்துல தண்ணியைச் சாய்ச்ச மாதிரி ஒரு பக்கம் வத்தி மறுபக்கம் ஏறும். பலமான தென்மேற்குக் காத்து அடிக்கறப்ப டொலிடோ பக்கம் பல அடி இறங்கி, பஃபலோ பக்கம் பல அடி ஏறிடும். 1844-ல பஃபலோவுல இப்படி ஏறின தண்ணி தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து 78 பேரைக் கொன்னிருக்கு. தூண்டில்காரனுக்கு இதுல என்னன்னா, காலையில தாராளமா தாண்டிப் போன பாறைத்திட்டு சாயங்காலம் வர்றப்ப மோட்டார் விசிறிக்கு எட்டற ஆழத்துல இருக்கலாம். படகை இறக்கின சாய்தளத்துல ஏத்தறதுக்குத் தண்ணியே இல்லாமலும் போகலாம்.

அடுத்து முன்னறிவிப்பு. வானிலை பார்க்காம யாரும் போறதில்லை. மச்சினனும் பார்ப்பான். ஆனா எப்படிப் படிக்கறான்ங்கறதுதான் கேள்வி. அமெரிக்க வானிலைத் துறை 'அலை 2 முதல் 3 அடி'ன்னு போட்டா, அதிகபட்சம் மூணு அடின்னு அர்த்தமில்லை. வர்ற அலைகள்ல பெரிய மூணுல ஒரு பங்கை எடுத்து அதோட சராசரியைத்தான் சொல்றாங்க. நாள் பூரா தண்ணியில இருந்தா அதுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரத்துல ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். மூணு அடின்னு நம்பிப் போனவனுக்கு ஆறு அடி அலை ஒண்ணே ஒண்ணு போதும்.

அதே மாதிரி 'சிறு படகு எச்சரிக்கை'. இந்த ஏரிகள்ல காத்து 22 நாட் தாண்டினாலோ, அலை 4 அடி தாண்டினாலோதான் அதைக் கொடுப்பாங்க. எச்சரிக்கை இல்லேன்னா போகலாம்னு அர்த்தம் பண்ணிக்கறவங்க நிறைய. 20 நாட் காத்துல, மூணரை அடி அலையில எச்சரிக்கையே இருக்காது. 17 அடி படகுக்கு அது போதும் போதும்ங்கற அளவுக்கு இருக்கும்.

காத்தோட திசையைப் பத்தி எங்க பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தாகிட்ட கேட்டுக்கிட்டது நிறைய. நாப்பது வருஷமா ஈரியில மீன் பிடிக்கறவர். வடகிழக்குக் காத்துன்னா ஏரியோட முழு நீளத்துக்கும் ஓடி வந்து அலையை மேற்குக் கோடியில குவிக்கும். ஆனா அது கரையில நிக்கறப்பவே தெரிஞ்சிடும், பார்த்தாலே வயித்தைக் கலக்கும், யாரும் இறங்க மாட்டாங்க. அவர் பயப்படறது தெற்குக் காத்துக்கு. ஒஹையோ தென்கரையில இருக்கு. தெற்குக் காத்து அடிக்கறப்ப நிலம் அதை மறைச்சுக்கும், கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக ஓடறதுக்கு இடம் கிடைச்சு அலை வளரும். பத்து மைல் போன பிறகு பெரிசாகும். நம்ம முதுகுல தள்ளற காத்துங்கறதால போறப்ப சுகமா வேற இருக்கும். திரும்பறப்ப மூஞ்சிக்கு நேரா அத்தனையும் வாங்கணும், அதுவும் களைச்சுப் போய், பெட்ரோல் பாதியான பிறகு. அதனால தாத்தா சாய்தளத்துல தண்ணியைப் பார்க்கவே மாட்டார். கொடிக்கம்பத்தைப் பார்ப்பார், அப்புறம் அடிவானத்தை. அடிவானக் கோடு நேரா இருந்தா சரி. ரம்பப் பல் மாதிரி இருந்தா வண்டியைத் திருப்பிடுவார்.

போன மே மாசம் ஒரு சனிக்கிழமை. காலையில நாலு மணிக்கு எழுந்து, ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு போர்ட் க்ளின்டன் போய்ச் சேர்ந்தோம். நான், மச்சினன், பையன். என் வீட்டம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை. முன்னறிவிப்புல தெற்கு - தென்மேற்குக் காத்து 15 முதல் 20 நாட், உள் ஏரியில 2 முதல் 4 அடி. சாய்தளத்துல தண்ணி அசையலை. கொடி மட்டும் விறைச்சுக்கிட்டு வடக்கு பார்த்து நின்னுச்சு.

"மாப்ள, வேண்டாம். கரையிலயே தூண்டில் போட்டுட்டுப் போயிடலாம்."

"அத்தான், தண்ணியைப் பாருங்க. இதுல காகிதக் கப்பல் விடலாம்."

"கொடியைப் பாரு."

"கொடி இருக்கட்டும், அங்க பத்து பேரு படகை இறக்கறாங்க பாருங்க. அவங்கல்லாம் லூசா? ஏரிதானே அத்தான்!"

பையன் என்னைப் பார்க்கறான், மாமாவைப் பார்க்கறான், கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு அந்தப் பத்துப் படகுதான் பிரச்னை. அதுல பாதி 20 அடிக்கு மேல. ஆனா 9 வயசுப் பையன்கிட்ட அதை எப்படி விளக்கறது? 'நீ வேணா போ, பையன் வரமாட்டான்'னு சொல்லிட்டேன். அவனும் போகலை, பேசவும் இல்லை. படகுத்துறை மேடையில உக்காந்து மூணு மணி நேரம் தூண்டில் போட்டோம். கிடைச்சது ரெண்டு பெர்ச் மீன், உள்ளங்கை அளவு. புளியோதரையை ஆளுக்கொரு மூலையில சாப்பிட்டோம்.

மதியம் ஒரு மணிக்கு ஃபோன்ல மிதவையைப் பார்த்தேன். ஏரிக்குள்ள வானிலைத் துறை மிதக்க விட்டிருக்கற கருவி அது. மேற்கு ஈரியில இருக்கறதுக்கு எண் 45005. காத்து, அலை உயரம், எத்தனை விநாடிக்கு ஒரு அலைன்னு எல்லாம் காட்டும். 3 அடி சொச்சம், 4 விநாடி. அவன்கிட்ட நீட்டினேன். பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை.

இப்ப நீங்க எதிர்பார்க்கறது தெரியும். போன படகுல ஒண்ணு கவிழ்ந்துச்சு, நான் சொன்னது சரியாப் போச்சு, மச்சினன் கால்ல விழுந்தான்னு முடியணும் இல்ல? அதான் இல்லை. பத்துப் படகும் பத்திரமாத் திரும்பி வந்துச்சு. தெப்பலா நனைஞ்சு, ரெண்டு பேர் முகம் வெளிறிப் போய், ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு. ஆனா வந்துச்சு. பாதிப் பேர்கிட்ட ஆளுக்கு ஆறு மீன், சட்டம் அனுமதிக்கற முழுக் கணக்கு. மச்சினன் அதை ஒவ்வொண்ணா எண்ணி எனக்குக் காட்டினான். வீடு வர்ற வரைக்கும் ரேடியோ மட்டும் பாடிக்கிட்டு வந்துச்சு.

இந்த விஷயத்துல இருக்கற கஷ்டமே இதுதான்னு எனக்குத் தோணுது. போகாம இருந்தது சரியா தப்பான்னு எந்தக் காலத்துலயும் நிரூபிக்க முடியாது. போனவன் பத்து தடவையில ஒன்பது தடவை மீனோட வருவான். அந்த ஒன்பதும் அவனுக்குத் தைரியத்தைச் சேர்த்துக்கிட்டே போகும். 2009 பிப்ரவரி 7-ம் தேதி இதே கரையில நடந்ததைப் பாருங்க. குளிர்காலத்துல ஏரி உறைஞ்சு, பனிக்கட்டி மேல நடந்து போய் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற கூட்டம். பனியில விரிசல் இருந்தது தெரிஞ்சும் அதுக்கு மேல மரச்சட்டங்களைப் பாலமாப் போட்டுத் தாண்டிப் போயிருக்காங்க. தெற்குக் காத்து கிளம்பி, பனித்தட்டை அப்படியே கரையில இருந்து பிரிச்சு உள்ளே தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. 134 பேரை ஹெலிகாப்டர்லயும் காத்துப்படகுலயும் மீட்டாங்க. ஒருத்தர் இறந்து போனார். அத்தனை பேரும் அந்த ஏரியில அனுபவம் இல்லாதவங்களா என்ன?

சாய்தளத்துல நின்னு, மீன் ஆசையில, சுத்தி நாலு பேர் போறதைப் பார்த்துக்கிட்டு எடுக்கற முடிவு முடிவே இல்லை. அதனால ரெண்டு வாரம் கழிச்சு, கோபம் தணிஞ்ச பிறகு, சாப்பாட்டு மேசையில உக்காந்து எண்ணா எழுதிடலாம்னு கூப்பிட்டேன். என் வீட்டம்மாதான் பஞ்சாயத்து. "டேய், அத்தான் சொல்றதைக் கேளு"ன்னு அவனையும், "என்னங்க, எல்லாத்துக்கும் வேண்டாம்னா அவன் எதுக்குப் படகு வாங்கினான்?"னு என்னையும் சரிசமமா திட்டினாங்க. கடைசியில எழுதினது: முன்னறிவிப்புல காத்து 15 நாட் தொட்டா கிளம்பறதில்லை. அலை 2 அடிக்கு மேல போட்டா கிளம்பறதில்லை. ஏரிக்குள்ள இருக்கறப்ப அலைத்தலை வெள்ளையா உடைய ஆரம்பிச்சா, மீன் கடிச்சுக்கிட்டு இருந்தாலும் தூண்டிலைச் சுருட்டணும். அப்புறம், படகுல இருக்கற யாரு 'திரும்பலாம்'னு சொன்னாலும் திரும்பணும், காரணம் கேக்கக் கூடாது. பையனுக்கும் அந்த உரிமை உண்டு. இந்த எண்ணெல்லாம் எங்க படகுக்கு, எங்க அனுபவத்துக்கு. எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்லலை. பேப்பரை பிளாஸ்டிக் உறையில போட்டு ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டியிருக்கு.

தூண்டிலைச் சுருட்டறதுன்னு சொன்னேன் இல்ல, அதுவே ஒரு பெரிய வேலை. இங்க தூண்டில் நூலைப் படகுக்கு ரெண்டு பக்கமும் தூரமா இழுத்துக்கிட்டுப் போக சின்னச் சின்ன மிதவைப் பலகைகளை மாட்டி விடுவாங்க. மூணு பேர் போனா ஆறு நூல் வெளியே இருக்கும். அத்தனையும் உள்ளே எடுக்க கால் மணி நேரம் பிடிக்கும். காத்து பலமான பிறகு இதை ஆரம்பிச்சா, ஒருத்தன் பின்பக்கம் குனிஞ்சு நூலைப் பிடிச்சிருப்பான், இன்னொருத்தன் வலையோட அதே ஓரத்துக்கு வருவான், படகு ஒரு பக்கமா சாயும், அலை சரியா அந்த நேரம் பார்த்து வரும். மீன் பிடிக்கறவங்க எல்லாரும் தூண்டில் முனையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க, வர்ற தண்ணியைப் பார்க்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. உல்லாசப் படகுக்காரனுக்கு இல்லாத ஆபத்து இது. (ஓரத்துல நின்னுக்கிட்டு ஒண்ணுக்குப் போறதும் இதே வகைதான். சிரிக்காதீங்க. ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா வெச்சுக்குங்க.)

நங்கூரம் போடறது பத்தி ஒண்ணே ஒண்ணு. படகோட முன்பக்கத்துல, நம்ம மீனவர்கள் அணியம்னு சொல்ற இடத்துல மட்டும்தான் கட்டணும். உக்காந்திருக்கற இடத்துல இருந்து எழுந்துக்க சோம்பல்பட்டுப் பின்னாடி கட்டறவங்க உண்டு. படகுல இருக்கறதுலயே தாழ்வான சுவர் பின்னாடிதான், மோட்டாரோட எடையும் அங்கதான். நங்கூரம் அதைக் கீழே இழுத்துப் பிடிச்சிருக்கும். அலை வர்றப்ப மேலே எழும்ப முடியாம தண்ணி அப்படியே உள்ளே கொட்டும். ரெண்டாவது அலைக்கு வேலையே இருக்காது. கயிறும் தாராளமா விடணும், ஆழத்தைப் போல ஏழு மடங்கு.

மாட்டிக்கிட்டா எப்படி வர்றது? எல்லாரும் நடுவுல, தாழ்வா உக்காரணும். அலையை நேருக்கு நேரா முட்டாம, பக்கவாட்டுலயும் வாங்காம, சாய்வா ஏறணும். வேகத்தைக் குறைச்சு, ஆனா மோட்டாரை நிறுத்தாம. நின்ன படகு தானாத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். அலை பின்னால இருந்து வந்தா, முன்னால போற அலையோட முதுகுல உக்காந்த மாதிரி அதே வேகத்துல போகணும். தாண்டி இறங்கினா மூக்கு அடுத்த அலையில குத்திக்கும், மெதுவாப் போனா பின்னாடி இருக்கறது மேல ஏறிடும். மோட்டார் செத்துப் போச்சுன்னா முதல் வேலை அதைத் திறந்து பார்க்கறது இல்லை. நங்கூரத்தையோ, இழுவைப் பையையோ முன்பக்கத்துல இருந்து போட்டு, மூக்கு அலையைப் பார்க்கற மாதிரி பண்ணிட்டு அப்புறம் பார்க்கலாம்.

இதெல்லாம் படிச்சா வரும், பழகினா வரும். குளிர்ந்த தண்ணி பழகினாலும் வராது. மே மாசத்துல வெளியே 75 டிகிரி வெயில், பையன் டீ-ஷர்ட்ல இருப்பான். தண்ணி 54 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 12 செல்சியஸ். ஏப்ரல்ல இன்னும் மோசம். மானிடோபா பல்கலைக்கழகத்துல கோர்டன் கீஸ்ப்ரெக்ட்னு ஒரு பேராசிரியர், தானே பனித்தண்ணியில குதிச்சு ஆராய்ச்சி பண்றவர், 1-10-1னு ஒரு கணக்கு சொல்றார். விழுந்ததும் மூச்சு கட்டுப்பாடு இல்லாம இரைக்கும், அதை அடக்க 1 நிமிஷம். கையும் காலும் நாம சொன்னதைக் கேக்கறது 10 நிமிஷம். குளிர்ல நினைவு தப்பறதுக்கு 1 மணி நேரம். இது ரொம்பக் குளிர்ந்த தண்ணிக்கான கணக்கு, ஆனா விஷயம் புரியுது இல்ல? குளிர்ல விறைச்சுச் சாகறதுக்கு நேரம் இருக்கு, மிதந்துக்கிட்டு இருந்தாத்தான் அந்த நேரமும். நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் முதல் நிமிஷத்துல வாயைத் திறந்து தண்ணியை இழுத்துட்டா கதை அவ்வளவுதான். "கெணத்துல குதிச்சு வளர்ந்தவன் நான்"னு மச்சினன் சொல்வான். அவன் குதிச்ச கிணறு திருநெல்வேலி வெயில்ல இருந்துச்சு.

அதனால லைஃப் ஜாக்கெட். 2023-ல அமெரிக்காவுல படகு விபத்துகள்ல 564 பேர் இறந்ததா கடலோரக் காவல்படை கணக்கு. இறந்த காரணம் தெரிஞ்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் மூழ்கி இறந்தவங்க. அப்படி மூழ்கினவங்கள்ல 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடலை. படகுல இருந்திருக்கும், இருக்கைக்கு அடியில பெட்டியில. விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கறது ஓடற பஸ்ஸுக்குப் பின்னால ஓடிக்கிட்டே செருப்பு மாட்டற மாதிரி. ஒஹையோ சட்டப்படி 18 அடிக்குக் குறைவான படகுல 10 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க கட்டாயம் போட்டிருக்கணும். பெரியவங்களுக்குப் படகுல இருந்தாப் போதும். அதே ஏரியோட கரையில இருக்கற பென்சில்வேனியாவுல நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரைக்கும் 16 அடிக்குக் குறைவான படகுல எல்லாருமே போட்டிருக்கணும். நியூயார்க்ல நவம்பர் 1 முதல் மே 1 வரைக்கும், 21 அடிக்குக் கீழ. எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாத் தெரியுது. பையன் அடுத்த பிறந்தநாளுக்கு அப்புறம் 'எனக்குச் சட்டம் இல்லையே'ன்னு கேப்பான், பார்த்துக்கிட்டே இருங்க.

மச்சினனுக்குக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கற, தண்ணியில விழுந்ததும் தானா உப்பற வகையை வாங்கிக் கொடுத்தேன். புழுக்கம் இல்லை, தூண்டில் வீசறப்ப இடிக்கறதும் இல்லை, அதனால போட்டுக்கறான். ஒண்ணு கவனிக்கணும், அதுல வாயு உருளையையும் உப்ப வைக்கற பாகத்தையும் அப்பப்ப பார்த்து மாத்தணும். 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அந்த வகை கூடாது, பையனுக்கு நுரை வெச்ச சாதாரண ஜாக்கெட்தான். அப்புறம் மோட்டார் நிறுத்தற கயிறு. ஓட்டறவன் தெறிச்சு விழுந்தா படகு அவன் மேலேயே சுத்தி வராம இருக்க. 26 அடிக்குக் குறைவான படகுல அதைப் போட்டுக்கிட்டு ஓட்டணும்னு 2021 ஏப்ரல் 1-ல இருந்து சட்டமே இருக்கு. மச்சினன் வண்டியில சீட் பெல்ட் மாதிரி பழகிட்டான்.

கவிழ்ந்தே போச்சுன்னா படகை விட்டு நீந்தக் கூடாது. கரை பக்கத்துல தெரியும், ரொம்பப் பக்கத்துல மாதிரி தெரியும். 20 அடிக்குக் குறைவான படகுகளை, தண்ணி நிறைஞ்சாலும் மிதக்கற மாதிரி நுரை அடைச்சுத்தான் இங்க செய்யணும். ஹெலிகாப்டர்ல இருந்து தேடறவனுக்குப் படகு தெரியும், அலைக்கு நடுவுல ஒரு தலை தேங்காய் மாதிரி கூடத் தெரியாது. பெட்டிக்குள்ள இருக்கற ஃபோனை நம்ப முடியாது, ஏரி நடுவுல சிக்னலும் கிடையாது. கையில பிடிக்கற வி.ஹெச்.எஃப் ரேடியோ ஒண்ணு ஜாக்கெட்டோட மாட்டியிருக்கணும், ஆபத்துக்குச் சேனல் 16. எங்க போறோம், எப்ப வர்றோம்னு வீட்டுல எழுதி வெச்சுட்டுப் போறது எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் கதவுல நடக்குது. சொன்ன நேரத்துக்கு ஃபோன் வரலேன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னும் அதுலயே இருக்கு. என் வீட்டம்மா அதுக்குக் கீழே மளிகை லிஸ்ட் எழுதறாங்க.

பேப்பர் ஒட்டினதுக்கு அப்புறம் ஆறு தடவை கிளம்பினோம். ரெண்டு தடவை வீட்டுல இருந்தே கிளம்பலை, ஒரு தடவை பாதியில திரும்பினோம். அந்தத் தடவை திரும்பலாம்னு சொன்னது பையன். காரணம் கேக்கக் கூடாதுன்னு விதி, கேக்கலை. கரைக்கு வந்த பிறகு அவனே சொன்னான், பசிச்சுதாம். மச்சினன் என்னை ஒரு பார்வை பார்த்தான். விதி விதிதான் மாப்ள.

இப்ப புதுசா ஒண்ணு. நேத்து ராத்திரி ஃபோன் பண்ணி, "அத்தான், 21 அடி படகு ஒண்ணு விலைக்கு வருது, பின்சுவர் நல்ல உயரம், அந்தப் பேப்பரை மறுபடி எழுதணும்"ங்கறான். எத்தனை அடி அலைன்னு எழுதறதுங்கறது அப்புறம். அதையும் என் வீட்டு வாசல்லதான் நிறுத்தப் போறான்னு அவங்க அக்காகிட்ட இன்னும் சொல்லலை.